திடல்தடச் சம்மேளனத்தின் நாற்காலிகளில் யார் உட்காருகிறார்கள், எங்கிருந்து வருகிறார்கள்?

எட்டாம் பாதை (செராஸ்)

புலனத்தில் (வாட்ஸ்அப்) தொடங்கிய வாக்குவாதம் இது. அங்கே குரல் பதிவுகள் ஒன்றின் மேல் ஒன்று வந்து விழுந்ததில் யார் என்ன சொன்னார் என்றே தெரியாமல் போய்விட்டது. இங்கே எழுத்தில் பேசலாம்.

கேள்வி இதுதான். ஓட்டம், தாண்டுதல், எறிதல் எல்லாவற்றையும் கவனிக்கும் நம் மலேசியத் தேசியத் திடல்தடச் சம்மேளனத்தை நடத்துகிறவர்கள் அந்தப் பொறுப்புக்கு வரும் முன் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? எந்த மாதிரி ஆட்கள் வந்தால் நல்லது?

தலைவர் பதவியை மட்டும் எடுத்துக்கொண்டால் அரசியல் வாடை அதிகம். டத்தோ ஸ்ரீ ஷாஹிடான் காசிம் 1995 முதல் 2008 வரை பெர்லிஸ் மந்திரி புசார் (மாநில முதல்வர்), அப்புறம் ஆராவ் நாடாளுமன்ற உறுப்பினர். 2021-இல் கூட்டரசுப் பிரதேச அமைச்சரானபோதும் சம்மேளனத் தலைவர் அவர்தான். நம்மவரான டத்தோ எஸ்.எம். முத்துவும் தலைவராக இருந்திருக்கிறார். தலைவருக்குக் கீழே பார்த்தால் மாநிலச் சங்கப் பொறுப்பாளர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், சீருடைப் படையிலிருந்து வந்தவர்கள், வணிகர்கள், அங்கங்கே ஒரு முன்னாள் விளையாட்டாளர். எந்தத் தவணையிலும் இந்தக் கலவை பெரிதாக மாறியதாக எனக்குத் தோன்றவில்லை.

புலனத்தில் பெரும்பாலானவர்கள் சொன்னது: "அரசியல்வாதிகளை வெளியே அனுப்பு, ஓடினவனை உள்ளே விடு." எனக்கு அதில் பாதி சம்மதம். மீதிப் பாதிக்குத்தான் இந்த இழை.

ஒரு வேண்டுகோள்: இப்போது பதவியில் இருக்கும் யாரைப் பற்றியும் "கேள்விப்பட்டேன்" ரகச் செய்திகளைக் கொண்டு வராதீர்கள். முறையைப் பற்றிப் பேசுவோம்.

ஸ்பைக்ஸ் (சுபாங்)

மீதிப் பாதி எதற்கு என்று புரியவில்லை, அண்ணா. ஓடினவனுக்குத்தான் ஓடுகிறவன் வலி தெரியும்.

எத்தியோப்பியாவைப் பாருங்கள். டெரார்ட்டு துலு 1992-லும் 2000-லும் 10,000 மீட்டரில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர், 2018 முதல் சங்கத் தலைவர். அவருக்குப் பின் 2024-இல் வந்த சிலேஷி சிஹினே அதே ஓட்டத்தில் இரண்டு ஒலிம்பிக் வெள்ளி வாங்கியவர். இந்தியாவில் அடில் சுமாரிவாலா 1980 மாஸ்கோவில் 100 மீட்டர் ஓடியவர். அவருக்குப் பின் 2025-இல் வந்த பகதூர் சிங் சாகு 2002 ஆசிய விளையாட்டில் குண்டு எறிதலில் தங்கம். அஞ்சு பாபி ஜார்ஜும் அங்கே துணைத் தலைவர் பொறுப்புக்கு வந்தார்.

நமக்கு ஆள் இல்லையா? 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தங்கம் வாங்கிய ராஜாமணி இருந்தார். 1998-இல் இதே கோலாலம்பூரில், காமன்வெல்த் போட்டியில், 50 கிலோமீட்டர் நடந்து தங்கம் வாங்கிய சரவணன் இருக்கிறார். இவர்களை மேடையில் ஏற்றி மாலை போட மட்டும் தெரிகிறது. கூட்ட அறைக்குள் கூப்பிட யாருக்கும் தோன்றுவதில்லை.

கணக்குப்புலி (பிரிக்பீல்ட்ஸ்)

ஸ்பைக்ஸ், உங்கள் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டுவிட்டது. டெரார்ட்டுவுக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்தவர் ஹைலி கெப்ரசெலாசி. அவரைவிடப் பெரிய ஓட்டக்காரரை எங்கே தேடுவது? 2016-இல் தலைவரானார், 2018-இல் பதவி விலகினார். அவரை எதிர்த்துக் குரல் எழுப்பியவர்கள் அவரைப் பார்த்து வளர்ந்த ஓட்டக்காரர்களேதான்.

இன்னும் மேலே போவோம். உலகத் திடல்தட அமைப்புக்கு 1912 முதல் இன்றுவரை ஆறே தலைவர்கள். எட்ஸ்ட்ரோம் இளமையில் விரைவோட்டக்காரர். பர்லி பிரபு 1928-இல் 400 மீட்டர் தடையோட்டத்தில் ஒலிம்பிக் தங்கம். பாலன் 800 மீட்டர் ஒலிம்பிக் ஓட்டக்காரர். நெபியோலோ நீளம் தாண்டியவர். லமீன் டியாக் நீளம் தாண்டுதலில் 1958-இல் பிரெஞ்சு சாம்பியன். செபஸ்டியன் கோ 1980, 1984-இல் 1500 மீட்டர் தங்கம்.

ஆறு பேருமே களத்திலிருந்து வந்தவர்கள். ஆறு பேரில் ஒருவரான டியாக்கை 2020 செப்டம்பரில் பாரிஸ் நீதிமன்றம் ஊழல் வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. ரஷ்ய விளையாட்டாளர்களின் ஊக்கமருந்து விவகாரங்களைப் பணம் வாங்கிக்கொண்டு இழுத்தடித்த வழக்கு அது. அவர் ஓடாதவர் என்பதால் அது நடக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். டியாக் தாண்டியவர் மட்டுமல்ல, டக்கார் நகர மேயராகவும் இருந்தவர். பர்லி பிரபு பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். கோவும் 1992 முதல் 1997 வரை அப்படியே. எட்ஸ்ட்ரோம் பெரிய மின் கருவி நிறுவனம் ஒன்றை நடத்திய தொழிலதிபர். ஆக "விளையாட்டாளரா, அரசியல்வாதியா" என்று நீங்கள் இரண்டு பெட்டி வைத்தால், பெரிய பெயர்கள் எல்லாம் இரண்டு பெட்டியிலும் கால் வைத்து நிற்கிறார்கள்.

ஸ்பைக்ஸ் (சுபாங்)

சரி, டியாக் ஒருவர். அதற்காக எல்லா ஓட்டக்காரர்களையும் ஒதுக்குவதா?

கணக்குப்புலி (பிரிக்பீல்ட்ஸ்)

ஒதுக்கச் சொல்லவில்லை. ஓடியது ஒரு தகுதி, அது மட்டுமே போதுமான தகுதி இல்லை என்கிறேன்.

செயலவை உட்கார்ந்து என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தேசிய விளையாட்டு மன்றத்திலிருந்து வரும் பணம் எந்தத் தலைப்பில் வந்தது, எந்தத் தலைப்பில் செலவானது என்று பார்க்க வேண்டும். விளம்பர ஆதரவாளர் ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படிக்க வேண்டும். தேர்வில் விடுபட்டவர் மேல்முறையீடு செய்தால் கேட்க வேண்டும். பயிற்றுநர் மேல் புகார் வந்தால் விசாரிக்க வேண்டும். ஊக்கமருந்துச் சோதனைக்குத் தன் இருப்பிடத்தை விளையாட்டாளர் நேரத்தோடு பதிவு செய்கிறாரா என்று யாராவது துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதில் எதற்கும் 400 மீட்டரை எவ்வளவு விரைவாக ஓடினீர்கள் என்பது உதவாது.

நான் பல சங்கங்களின் கணக்கைப் பார்த்திருக்கிறேன் (திடல்தடம் இல்லை, வேறு சில). பொருளாளர் என்று கையெழுத்துப் போடுகிறவருக்கு வரவு-செலவு அறிக்கைக்கும் இருப்பு நிலைக் குறிப்பிற்கும் வித்தியாசம் தெரியாத இடங்கள் உண்டு. திருட்டு எண்ணம் எதுவும் கிடையாது. நல்ல மனிதர், காலியாக இருந்த பதவியில் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

பழைய வாத்தியார் (பிறை)

இளையவர்கள் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். நான் பள்ளியில் உடற்கல்வி நடத்தி, மாநில அளவில் போட்டி நடுவராகவும் இருந்து ஓய்வு பெற்றவன். உள்ளே போகும் வழி எப்படி இருக்கிறது என்று சொன்னால் இந்தப் பேச்சு கொஞ்சம் தெளியும் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டில் திடல்தடத்தின் வேர் பள்ளிக்கூடம். பள்ளி விளையாட்டுப் போட்டி, மாவட்டம், மாநிலம், அப்புறம் எம்எஸ்எஸ்எம் (தேசியப் பள்ளி விளையாட்டு மன்றப் போட்டி). இந்த ஏணியின் ஒவ்வொரு படியிலும் நிற்பவர் ஒரு ஆசிரியர். சுண்ணாம்புக் கோடு போடுவார், துப்பாக்கி சுடுவார், நீளம் அளப்பார், பேருந்துக்குப் பேரம் பேசுவார். இருபது ஆண்டு இதைச் செய்தவர் மாவட்டத்தில் செயலாளர் ஆவார், மாநிலச் சங்கத்தில் செயலவைக்குப் போவார். மாநிலம் தன் பேராளர்களைத் தேசிய ஆண்டுக் கூட்டத்துக்கு அனுப்பும். அங்கே வாக்கு அந்தப் பேராளர்களிடம் இருக்கிறது. தேசியச் செயலவையைத் தேர்ந்தெடுப்பதும் அவர்கள்தான், பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுவதும் அவர்களுக்குள்ளிருந்துதான்.

இதில் ஒரு விரைவோட்ட வீராங்கனை எங்கே நுழைவார்? பதினெட்டு வயதிலிருந்து முப்பது வரை அவர் புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டு வளாகத்தில் தங்கிப் பயிற்சி செய்கிறார். அந்தப் பன்னிரண்டு ஆண்டில் அவர் எந்த மாவட்டக் கூட்டத்திலும் நாற்காலி அடுக்கியிருக்க மாட்டார். மாநிலப் பேராளர் ஒருவருக்கும் அவர் கடன்பட்டவர் இல்லை, அவருக்கும் யாரும் கடன்பட்டவர் இல்லை. ஓய்வு பெற்று வெளியே வரும்போது பதக்கம் இருக்கும், வாக்கு இருக்காது.

அரசியல்வாதி ஏன் தலைவராகிறார் என்பதற்கும் விடை இதே இடத்தில்தான். மாநிலச் சங்கத்திடம் பணம் இல்லை. அரங்கம் ஊராட்சி மன்றத்தின் கையில், பேருந்து கல்வி இலாகாவின் கையில், விளம்பரப் பணம் அரசு சார்ந்த நிறுவனங்களின் கையில். ஒரே தொலைபேசி அழைப்பில் இந்த மூன்றையும் திறக்கக்கூடியவர் யாரோ அவரைத் தலைவராக்குவார்கள். இது நேற்று வந்த வழக்கம் இல்லை. நாட்டின் முதல் பிரதமர் துங்குவே காற்பந்துச் சங்கத்தின் தலைவராக இருந்தவர். ஹாக்கிக்குச் சுல்தான் அஸ்லான் ஷா. அவர்கள் காலத்தில் அந்த ஏற்பாட்டால் விளையாட்டுக்கு நன்மையும் நடந்தது, அதை மறுக்க மாட்டேன்.

எனவே "யார் வர வேண்டும்" என்று கேட்பதைவிட "யாருக்கு வாக்கு" என்று கேளுங்கள். வாக்கு வைத்திருப்பவர் மாதிரியே செயலவையும் இருக்கும்.

கிள்ளான் அக்கா

ஐயா சொன்னதை இரண்டு தடவை படித்தேன். என் மகள் 400 மீட்டர் தடையோட்டம். அவளைக் காரில் ஏற்றி இறக்குவதுதான் என் உத்தியோகம் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

நீங்கள் எல்லாரும் தலைவர், பொருளாளர் என்று மேலே பார்க்கிறீர்கள். எனக்குக் கீழேயிருந்து ஒன்று தெரிகிறது. போன வருடம் ஒரு போட்டிக்கு அவள் பெயர் பட்டியலில் இருந்தது, அப்புறம் இல்லை. காரணம் கேட்க யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பயிற்றுநரைக் கேட்டால் "மேலே முடிவு" என்றார். மேலே யார் என்று கேட்டால் "குழு" என்றார். அந்தக் குழுவில் ஒருவர், பட்டியலில் உள்ளே வந்த பெண்ணின் பயிற்றுநர். அவர் தப்பு செய்தார் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணும் நன்றாக ஓடுகிறவள்தான். ஆனால் அவர் அந்த அறையில் உட்கார்ந்திருக்கலாமா?

அடுத்தது பெண்கள். பதினைந்து வயதுப் பெண் பிள்ளைக்கு ஒரு சங்கடம் வந்தால் போய்ச் சொல்ல அந்த மேசையில் ஒரு பெண் முகம் வேண்டும். அதுவும் சிற்றுண்டிக் குழுவுக்கும் வரவேற்புக் குழுவுக்கும் தலைவியாக இல்லை. தேர்விலும் ஒழுங்கு விசாரணையிலும் வேண்டும்.

தேசிய 400 மீட்டர் ஓட்டக்காரி ஷெரீன் சாம்சனின் அப்பா அம்மா இருவரும் தேசிய அளவில் ஓடியவர்கள். மகளுக்கு எதை எப்போது கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். எங்களைப் போன்ற வீட்டில் அந்த அறிவு இல்லை. எழுத்தில் இருந்தால்தான் எங்களுக்குத் தெரியும்.

சட்டம் படிப்பவள் (பெட்டாலிங் ஜெயா)

அக்கா கேட்டதற்குப் பெயர் நலன் முரண். சங்க நிர்வாகம் பற்றிய எந்த விதித்தொகுப்பிலும் முதல் பக்கத்திலேயே வரும். தன் விளையாட்டாளர் பெயர் வரும்போது பயிற்றுநர் எழுந்து வெளியே போக வேண்டும், போனதைக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டும். செலவே இல்லாத சீர்திருத்தம் இது.

மற்ற நாடுகளில் சட்டமாகவோ விதியாகவோ என்ன செய்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் சொல்கிறேன்.

பிரிட்டனில் 2016-இல் வந்த விளையாட்டு நிர்வாக விதித்தொகுப்பு பணத்தோடு கட்டிப்போட்டது. பெரிய அளவில் பொதுப்பணம் வாங்கும் சங்கத்தின் வாரியத்தில் நான்கில் ஒரு பங்காவது எந்தக் கழகத்தோடும் தொடர்பில்லாத சுயேச்சை உறுப்பினராக இருக்க வேண்டும், ஆண்களும் சரி பெண்களும் சரி 30 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. பிடிக்கவில்லையென்றால் பணம் வாங்காதே, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் தேசியச் சங்க வாரியங்களில் விளையாட்டாளர் பங்கு முன்பு ஐந்தில் ஒன்று. அண்மைய ஆண்டுகளில் மூன்றில் ஒன்றாக உயர்த்தினார்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் பெண்களுக்கு நடந்த கொடுமை வெளியே வந்த பிறகுதான் இந்த மாற்றம் நடந்தது. அதே அமெரிக்காவில் திடல்தட அமைப்பின் தலைமை நிர்வாகி மேக்ஸ் சீகல் ஒரு வழக்கறிஞர், இசைத் துறையிலும் கார் பந்தயத் துறையிலும் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அதாவது வாரியத்தில் விளையாட்டாளர்களுக்கு இடம், அலுவலகத்தை நடத்த வெளியிலிருந்து தொழில் தெரிந்தவர். இரண்டும் வேறு வேறு வேலை என்று அங்கே பிரித்துவிட்டார்கள். நம் நாட்டில் இரண்டும் ஒரே மாலை நேரக் கூட்டத்தில் நடக்கிறது.

இந்தியா 2025-இல் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் கொண்டு வந்தது. செயற்குழு 15 பேருக்கு மேல் போகக் கூடாது, அதில் சிறந்த விளையாட்டாளர்கள் குறைந்தது 2 பேர், பெண்கள் குறைந்தது 4 பேர்.

நம்மிடம் 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம் இருக்கிறது. விளையாட்டு ஆணையரிடம் பதிவு செய்யாமல் எந்த அமைப்பும் தேசியச் சங்கம் என்று இயங்க முடியாது. பதிவை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் ஆணையருக்கு அதிகாரம் உண்டு. பதிவு, தகராறு, கணக்கு என்று அந்தச் சட்டம் பேசும் அளவுக்கு, மேசையைச் சுற்றி எந்த மாதிரி ஆட்கள் உட்கார வேண்டும் என்று பேசவில்லை என்பது என் வாசிப்பு.

பினாங்குக்காரன் (ஜெலுத்தோங்)

எல்லாரும் ஓடுதளத்தைச் சுற்றியே பேசுகிறீர்கள். சாலையில் ஓடுகிறவர்களை யாரும் நினைக்கவில்லை, பார்த்தீர்களா.

பினாங்கு பாலத்து மாரத்தானுக்கு வரும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். விடியற்காலை இருட்டில் பாலத்தின் மேல் நிற்கும் அத்தனை பேரும் பதிவுக் கட்டணம் கட்டியவர்கள், சப்பாத்து வாங்கியவர்கள். இன்றைக்குத் திடல்தடத்தில் உண்மையான பணம் சாலை ஓட்டத்தில் இருக்கிறது. ஓடுதளப் போட்டிக்கு ஓடுகிறவனின் அம்மாவும் அடுத்து ஓடப்போகிறவனும்தான் பார்வையாளர்கள். (கிள்ளான் அக்கா கோபிக்க வேண்டாம்.)

ஆனால் இந்தப் பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களுக்குச் சங்கத்தில் ஒரு வாக்கும் இல்லை. ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தண்ணீர் வைத்து, சாலையை மூடி, மருத்துவ வண்டி நிறுத்தி, எல்லாவற்றையும் காலை பத்து மணிக்குள் துடைத்துக்கொடுக்கும் ஏற்பாட்டாளர்கள் எத்தனை பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள்! அந்தப் பின்னணி உள்ள ஒருவர் செயலவையில் இருந்தால் போட்டி அட்டவணையாவது நேரத்தோடு வரும்.

சிங்கை ஓட்டம் (உட்லண்ட்ஸ்)

பாலம் தாண்டி வந்து மூக்கை நுழைக்கிறேன், மன்னிக்கவும். எங்கள் சிங்கப்பூர்த் திடல்தடச் சங்கத்தில் 2020-க்கு முந்தைய சில ஆண்டுகள் போட்டி முடிவுகளைவிட உட்பூசல்தான் செய்தித்தாளில் அதிகம் வந்தது. 2020-இல் தலைவரானவர் லியென் சூங் லுவென், கோஜெக் வாடகைக்கார் நிறுவனத்தின் சிங்கப்பூர் பொது மேலாளர். மந்திரியும் இல்லை, பதக்க வீரரும் இல்லை. நிறுவனம் நடத்தத் தெரிந்தவர். அப்படி ஒருவர் வந்ததும் பேச்சின் தொனியே மாறியது என்பது என் கருத்து, எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஸ்பைக்ஸ் (சுபாங்)

நிறுவன மேலாளர், கணக்காளர், வழக்கறிஞர், மாரத்தான் ஏற்பாட்டாளர்… நல்லது. கடைசியில் ஓடினவனுக்கு மட்டும் இடம் இல்லாமல் போகும். நான் சொன்னேன் இல்லையா.

நான் தேசிய அளவுக்குக் கொஞ்சம் கீழே ஓடியவன். எங்கள் காலத்தில் ஒரு போட்டிக்குப் போய் இறங்கினால் முதல் சுற்று ஓட்டத்துக்கும் அரையிறுதிக்கும் நடுவில் சாப்பிட எதுவும் இருக்காது. அட்டவணை போட்டவர் நல்ல அதிகாரி, எல்லாப் பத்திரமும் சரியாக இருந்தது. ஆனால் வெயிலில் இரண்டு சுற்று ஓடியவன் வயிறு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. இந்த மாதிரி விஷயம் எந்தக் கணக்காளருக்கும் தோன்றாது.

கணக்குப்புலி (பிரிக்பீல்ட்ஸ்)

தோன்றாது, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் மூன்றில் ஒரு பங்கு விளையாட்டாளர்களுக்கு என்பதை நான் எதிர்க்கவில்லை. முழுவதும் அவர்களுக்கே என்பதைத்தான் எதிர்த்தேன்.

ஒரு உதாரணம் நம் கண் முன்னாலேயே இருக்கிறது. டாக்டர் ஜெகதீசன் 1966-இல் பாங்காக்கில் 100, 200, 4×100 மூன்றிலும் தங்கம் வாங்கியவர், மூன்று ஒலிம்பிக் பார்த்தவர். ஓடிக்கொண்டே மருத்துவம் படித்தார். பிற்காலத்தில் ஆசிய ஒலிம்பிக் மன்றத்தின் மருத்துவக் குழுவிலும் காமன்வெல்த் விளையாட்டுகளின் மருத்துவப் பொறுப்பிலும் அவர் உட்கார்ந்தது பழைய பதக்கத்துக்கு மரியாதையாக இல்லை. ஊக்கமருந்து பற்றி அந்த அறையில் பேசத் தகுதி அவருக்கு இருந்தது, ஓடுகிறவன் உடம்பைப் பற்றியும் தெரிந்திருந்தது. இப்படி இரட்டைப் பின்னணி உள்ளவர்கள் ஒரு தலைமுறையில் சிலர்தான் வருவார்கள். மற்ற நேரத்தில் இரண்டு ஆட்களாகச் சேர்த்து உட்கார வைக்க வேண்டியதுதான்.

எட்டாம் பாதை (செராஸ்)

பழைய வாத்தியார் சொன்ன இடத்துக்குத் திரும்புகிறேன், எனக்கு இந்த இழையில் கிடைத்த நல்ல சரக்கு அது.

விளையாட்டாளருக்கு இடம் ஒதுக்கு என்று எல்லாரும் சொல்கிறோம். யார் ஒதுக்குவது? தலைவர் தனக்குப் பிடித்த ஒரு முன்னாள் வீரரைப் பார்த்து நியமித்தால் அவர் நன்றியோடு உட்கார்ந்திருப்பார், புகைப்படத்தில் நடுவில் நிற்பார். ஓடிக்கொண்டிருப்பவர்களும் அண்மையில் ஓய்வு பெற்றவர்களும் தங்களுக்குள் வாக்களித்து அனுப்பினால் கதை வேறு. உலக அமைப்பில் விளையாட்டாளர் ஆணையத்திலிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மன்றத்தில் வாக்குரிமையோடு உட்காருகிறார்கள். நாம் கேட்க வேண்டியது அந்த மாதிரி இடம். அங்கே 2027-க்குள் மன்றத்தில் ஆணும் பெண்ணும் சரிபாதி என்பதும் விதியாகிவிட்டது. 2019-இல்தான் முதல் பெண் துணைத் தலைவரே வந்தார், பார்சிலோனா ஒலிம்பிக்கில் 400 மீட்டர் வெண்கலம் வாங்கிய கொலம்பியாவின் சிமேனா ரெஸ்ட்ரெப்போ. எட்டே ஆண்டில் அங்கிருந்து சரிபாதிக்கு.

இன்னொன்று, பின்னணிச் சோதனை. உலக மன்றத்துக்குப் போட்டியிடுகிறவர்களைச் சுயேச்சைக் குழு ஒன்று முதலில் அலசுகிறது. குற்ற வழக்கு, நொடிப்பு, பழைய தடைகள், நலன் முரண் எல்லாம் பார்த்த பிறகுதான் வாக்குச்சீட்டில் பெயர். நம் ஆண்டுக் கூட்டத்தில் பெயரை முன்மொழிகிறார்கள், வழிமொழிகிறார்கள், முடிந்தது. வேட்பாளர் என்ன தொழில் செய்கிறார், அவர் நிறுவனம் சங்கத்துக்குச் சட்டையோ சாப்பாடோ விற்கிறதா என்று ஒரே ஒரு பக்கம் எழுதி இணையத்தில் போட்டால்கூட எனக்குப் பாதி திருப்தி.

அரசியல்வாதிகளைப் பற்றி: அடியோடு தடை செய்ய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. புரவலராக இருக்கட்டும், கதவைத் திறக்கட்டும். ஆனால் அமைச்சரவையில் உட்காருகிறவரே அரசாங்கத்திடம் கைநீட்டும் சங்கத்தின் தலைவராகவும் இருந்தால், அவர் யாரிடம் கேட்கிறார், யாருக்குக் கொடுக்கிறார் என்ற குழப்பம் எந்த நல்ல மனிதருக்கும் வரும்.

பழைய வாத்தியார் (பிறை)

தம்பி, எழுதியது எல்லாம் சரி. ஆனால் சங்கத்தின் சட்டவிதியைத் திருத்தவும் அதே பேராளர்கள்தான் கை தூக்க வேண்டும். தன் நாற்காலியைத் தானே குறைக்க யார் கை தூக்குவார்? நான் உட்கார்ந்த கூட்டங்களில் இப்படி ஒரு திருத்தம் வந்தால், "அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்போம்" என்று ஒருவர் எழுவார், அதற்குள் சாப்பாடு வந்துவிடும்.

சட்டம் படிப்பவள் (பெட்டாலிங் ஜெயா)

ஐயா, அப்படியே நடக்காது என்றில்லை. 2016 டிசம்பரில் மொனாக்கோவில் உலக அமைப்பின் சிறப்பு மாநாட்டில் இதே சிக்கல்தான் இருந்தது. தலைவரின் அதிகாரத்தைக் குறைக்கும், பெண்களுக்கு இடம் கூட்டும், சுயேச்சையான நேர்மைப் பிரிவை உருவாக்கும் திருத்தங்கள். வாக்களித்தவர்கள் தேசியச் சங்கங்களின் பேராளர்கள், ஐயா சொல்லும் அதே வகை ஆட்கள். ஆதரவு 182, எதிர்ப்பு 10.

ஆனால் அந்த 182-க்குப் பின்னால் என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முந்தைய ஆண்டு நவம்பரில்தான் டியாக் மேல் பிரான்சில் விசாரணை தொடங்கியிருந்தது. ரஷ்யா இடைநீக்கத்தில் இருந்தது. பணம் தரும் விளம்பர ஆதரவாளர்கள் ஒவ்வொருவராக யோசிக்கத் தொடங்கியிருந்தார்கள். பயம் கை தூக்க வைத்தது.

நமக்கு அப்படி ஒரு பெரிய விபத்து நடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்றால் பிரிட்டன் வழிதான் மிச்சம். பணம் தருகிறவர் நிபந்தனை போட வேண்டும். அமைச்சு சங்க நிர்வாகத்தில் தலையிட்டால் அனைத்துலக அமைப்புகள் கோபிக்கும், அது உண்மை. ஆனால் "எங்கள் பணம் வேண்டுமானால் இந்தத் தகுதியில் இத்தனை பேர் இருக்கட்டும்" என்பது யாரையும் நியமிப்பது ஆகாது.

கணக்குப்புலி (பிரிக்பீல்ட்ஸ்)

பணத்தோடு கட்டுவதற்கு என் ஓட்டு. இரண்டு கையாலும்.

ஸ்பைக்ஸ் (சுபாங்)

மூன்றில் ஒரு பங்கு, விளையாட்டாளர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது. அதற்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். பாதி கிடைத்தால் இன்னும் சந்தோஷம், லா.

கிள்ளான் அக்கா

சட்டம், மொனாக்கோ எல்லாம் நல்லது. எனக்கு ஒரு சின்ன விஷயம் சொல்லுங்கள். என்னைப் போல ஓர் அம்மா மாநிலச் சங்கக் கூட்டத்தில் போய் உட்கார முடியுமா? பேச முடியுமா?

பழைய வாத்தியார் (பிறை)

தனி ஆளாகப் போனால் வாசலில் நிற்க வேண்டியதுதான், அம்மா. ஒரு கழகத்தில் உறுப்பினராக இருந்து, அந்தக் கழகம் மாநிலச் சங்கத்தோடு இணைந்திருந்தால் கழகத்தின் பேராளராகப் போகலாம். போனால் பேசலாம், வாக்கும் உண்டு. ஒவ்வொரு மாநிலச் சங்கத்துக்கும் விதி கொஞ்சம் வேறுபடும், உங்கள் மாநில விதிப்புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

கிள்ளான் அக்கா

சனிக்கிழமை பயிற்சிக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் நிறைய பேர் இருக்கிறோம். கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து கதைதான் பேசுகிறோம். கழகமாகப் பதிவு செய்துவிடலாமா?

சட்டம் படிப்பவள் (பெட்டாலிங் ஜெயா)

தாராளமாக, அக்கா. விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில்தான் பதிவு. விண்ணப்பப் பாரத்தையும் மாதிரிச் சட்டவிதியையும் தேடி உங்கள் உள்பெட்டிக்கு அனுப்புகிறேன். பொருளாளர் மட்டும் முதலிலேயே நல்ல ஆளாகப் பாருங்கள்.

கணக்குப்புலி (பிரிக்பீல்ட்ஸ்)

முதல் ஆண்டுக் கணக்கை நான் இலவசமாகப் பார்த்துத் தருகிறேன். ரசீதுகளைப் பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டு வராதீர்கள், அது மட்டும் போதும்.